"நீங்களும் ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் கைக்கு வந்ததும் பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேலை தொடங்கும். தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்குவது. "என் மகன் கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை என்பதை அறிந்துகொண்டேன். பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறாவிட்டால் அதற்குப் பள்ளியோ ஆசிரியர்களோ பொறுப்பல்ல." கீழே கையெழுத்து, தேதி. இதை ஓர் அரசாணையில் இருப்பதாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஆனால் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்வது பாட ஆசிரியர்தான். அன்றைக்குக் காட்ட ஒரு தாளாவது வேண்டும் என்றுதான் இது நடக்கிறது.

2025 ஜனவரியில் அப்படி வந்தவர் அந்த அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. திருப்பூரில் இருப்பவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. காலையில் போனால் இரவு வீடு திரும்ப ஒன்பது ஆகிவிடும். பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "வீட்டுல புத்தகத்தையே தொடுறதில்லைங்க. நீங்கதான் கொஞ்சம் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்."

முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார். "நான் எட்டாவதோட நின்னவ டீச்சர். இவன் கணக்கு நோட்டு எனக்குப் புரிஞ்சிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே. சரி, நான் எழுதித் தரேன். பாஸ் பண்ண வெச்சுடுறேன்னு நீங்களும் ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. குரல் உயரவில்லை. உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் உண்டோ என்று தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. சண்டைக்குக் கேட்டிருந்தால் பதில் சொல்லிப் பழக்கம் இருக்கிறது. "அப்படியெல்லாம் யாரும் எழுதித் தர முடியாதுங்க" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஒரு பிள்ளையின் தேர்ச்சிக்கு எந்த ஆசிரியராலும் உறுதி தர முடியாது. மாலை சிறப்பு வகுப்புக்கு அவன் வாரத்தில் பாதி நாள் வரமாட்டான். வீட்டில் யாரும் இல்லாத நேரம் முழுக்கக் கைபேசி. இதற்கெல்லாம் நான் என்ன எழுதிக் கொடுப்பேன்? ஆனால் என்னால் தர முடியாத உறுதியை அவரிடம் மட்டும் ஏன் கேட்டோம் என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. "வீட்டுல பாருங்க" என்று நான் சொன்ன வீட்டில் இரவு ஒன்பது மணி வரை பார்ப்பதற்கு ஆளே இல்லை. அது எனக்கும் தெரிந்ததுதான்.

அன்று இரவு கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2009 சட்டம். பெற்றோரின் கடமையாக அது சொல்வது பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைத்தான். ஆசிரியரின் கடமை நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும், பெற்றோரைக் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பதினான்கு வயது வரைதான் அந்தச் சட்டம், பத்தாம் வகுப்புப் பையன் அதற்குள் வரமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் பள்ளிதான்.

ஆறாம் வகுப்பு என்றால் 2020-21. கொரோனாவால் அவன் வகுப்புக்குப் பள்ளி திறக்கவே இல்லை. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் அவன் ஏழாம் வகுப்பு. முழுக்களை ஆறில் அறிமுகப்படுத்துவோம், மைனஸை மைனஸால் பெருக்குவது ஏழின் தொடக்கத்தில் வரும். இரண்டையும் அவன் வகுப்பறையில் உட்கார்ந்து கேட்டதில்லை. வீட்டில் இருந்த ஒரே போனும் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும். அரையாண்டு விடைத்தாளில் வரைபடக் கணக்கில் மைனஸ் இரண்டின் வர்க்கம் மைனஸ் நான்கு என்று எழுதியிருந்தான். அட்டவணையே தப்பானால் பரவளையம் என்ற வளைகோடு எங்கிருந்து வரும்? எட்டு மதிப்பெண் அங்கேயே போய்விட்டது. இந்த ஓட்டைக்கு அம்மாவைப் பொறுப்பாக்க முடியாது. ஆசிரியர் என்று யாரை விரல் நீட்டுவது என்றும் தெரியவில்லை. பின்னால் வந்த வகுப்புகளில் எங்களில் யாராவது பிடித்திருக்கலாமே என்று கேட்டால், கேட்கலாம். அறுபது பிள்ளைகளை வைத்துப் பாடத்தையும் முடிக்க வேண்டியவர்களிடம் அதைக் கேட்க வேண்டும்.

பெற்றோர் எல்லோரும் அந்த அம்மாவைப் போல இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று முழுப் பொறுப்பையும் நம் தலையில் வைத்துவிட்டுப் போகும் அப்பாக்கள் உண்டு. சத்தமாகப் பேசினாலே தலைமையாசிரியர் அறைக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. ஆண்டு முழுக்க அழைத்தும் ஒரு முறைகூட வராதவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் வந்தவரிடம்தான் நாம் கையெழுத்து வாங்குகிறோம்.

ஜனவரிக்குப் பிறகு அவனுக்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மைனஸ் சொல்லிக் கொடுத்தேன். தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு ஒரு கணக்கும் போட்டோம்: பத்தாம் வகுப்புப் பாடங்களின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 30. மீதி ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று. மெல்லக் கற்போருக்கு எல்லாப் பள்ளியிலும் போடும் கணக்குதான். இதைக் கணிதம் கற்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் மைனஸ் அவனுக்குப் பிடிபட்ட அன்று அவன் முகத்தைப் பார்த்தேன். அது வெறும் தேர்ச்சிக்கான வேலையாக இருக்கவில்லை.

சிறப்பு வகுப்புக்கும் ஒழுங்காக வரத் தொடங்கினான். காரணம் கேட்டேன். "அம்மா இப்ப ஒன்றரை பார்க்கறதில்ல மிஸ். ஒரு ஷிப்ட்டோட வந்துடுது. வந்ததும் நோட்டக் காட்டுன்னு கேக்குது."

சனிக்கிழமை சம்பளத்தில் அந்த அரை ஷிப்ட் எவ்வளவு என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மே மாதம் முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. அவனும் அதில் இருந்தான், கணிதத்தில் நாற்பதைத் தாண்டி. "பார்த்தீங்களா டீச்சர், எழுதி வாங்கினா பெத்தவங்களுக்கே பொறுப்பு வந்துடுது" என்றார் தலைமையாசிரியர். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் கடிதம் இல்லாமலே, உட்கார்ந்து பேசியிருந்தாலே, அந்த அம்மா அதைச் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்பும் ஓரிரு முறை பேசியிருக்கிறேன், ஒன்றும் மாறியதில்லை. அப்படியானால் கடிதம்தான் வேலை செய்ததா? பயந்து செய்தாரா, மனம் வந்து செய்தாரா? என் பாடம்தான் அவனைக் கரையேற்றியது என்று நம்பவும் ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் விட்டுக் கொடுத்த கூலியை நினைத்தால் அதை உரக்கச் சொல்ல முடியவில்லை.

இந்த ஆண்டு படிவத்தில் இரண்டு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். எந்தெந்த நாள் மாலை வகுப்பு நடக்கும், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, அதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று. "அதை எழுதினா நாளைக்கு அதையே காட்டிக் கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேர்தல் பணி என்று ஆளை எடுத்துவிட்டால் மாலை வகுப்பு நின்றுபோகும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கேட்கட்டுமே என்று நான் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் வேறு யாரும் பேசவில்லை.

பழைய படிவமே வந்தது. கையெழுத்து வாங்கியதும் நான்தான். ஓர் அப்பா படிக்காமலே பேனாவைக் கேட்டார். அவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். பையன் எங்கே தடுமாறுகிறான் என்று விடைத்தாளையும் விரித்துக் காட்டினேன். தலையாட்டினார். எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.