அமிந்தியோ மணலும் தஞ்சைக் களியும்

வடமேற்கு கிரீஸின் அமிந்தியோ, கடல்மட்டத்துக்கு 600 மீட்டர் மேலே, ஏரிகள் சூழ்ந்த மணற்பாங்கான பீடபூமி. மணலில் ஃபைலாக்ஸெரா என்ற திராட்சை வேர்ப்பூச்சி பிழைக்காது. ஆகவே ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் பழைய திராட்சைக் கொடிகள் அங்கே இன்னும் உண்டு. ரகம் க்ஸினோமாவ்ரோ, 'புளிப்புக் கறுப்பு' என்று பொருள். குளிரில் புளிப்பு நிற்பதால் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் நுரை ஒயினும் அருமையாக வருகின்றன.

அந்தக் கொடியைத் தஞ்சாவூரில் நடலாமா என்றால், இந்தக் களிமண்ணுக்கு வேண்டாம். இங்கே குளிர்கால உறக்கம் இல்லை. கவாத்துதான் துளிரை எழுப்பும். ஐப்பசியில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும், இலையில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் இறங்கும். வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பன்னீர் திராட்சை போடுங்கள்.

மழைக்கு முன் 1% போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அவசியம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.