லே மிசரபிள்: தொடரையும் நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த குறிப்பு

2018 டிசம்பர் 30 அன்று பிபிசியில் தொடங்கிய ஆறு பகுதித் தொடர் இது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், பாட்டு கிடையாது. அதை விக்தோர் யூகோவின் 1862 நாவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை.

பக்க எண்ணைக் குறித்தால் பதிப்பு மாறியதும் பயன்படாது. பாகம்-புத்தகம்-அத்தியாயம் என்று குறிக்க வேண்டும். முழு நாவல் 5 பாகம், 48 புத்தகம், 365 அத்தியாயம். கையில் இருப்பதில் இந்தக் கணக்கு வரவில்லை என்றால் அது சுருக்கப் பதிப்பு, வரிசை எண்ணே பொருந்தாது. குட்டன்பர்க் தளத்தில் ஹேப்குட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு முழுதாக, இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் பகுதியிலேயே குழப்பம் வரும். யூகோ முன்னும் பின்னுமாகச் சொன்னதை டேவிஸ் கால வரிசையில் நிமிர்த்திவிட்டார். தொடர் வாட்டர்லூ களத்தில், பிணங்களிடம் தெனார்தியே (பின்னாளில் விடுதிக்காரன்) திருடுவதில் தொடங்குகிறது. நாவலில் அது 2-1-19. அதற்காக முந்தைய 18 அத்தியாயப் போர் விவரணையையும் இப்போதே படித்தால் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். இந்த வரிசை போதும்: 2-1-19, பிறகு 1-2 முழுவதும் (கைதி வால்ழான் விடுதலை, ஆயர் வீடு, சிறுவனின் 40 சூ நாணயம்), 1-3 (ஃபான்தீனும் அவளைக் கைவிடும் காதலன் தொலொமியேவும்), கடைசியாக, பின்னால் வரும் இளைஞன் மரியுஸின் தந்தைக்காக 3-3.

ஃபான்தீனின் வீழ்ச்சிக்கு 1-4, 1-5. இங்கே காசுக் கணக்கு தெரியாமல் படித்தால் பாதி போய்விடும். 20 சூ ஒரு பிராங்க், 20 பிராங்க் ஒரு நெப்போலியன். மகள் கோசெத்தைத் தெனார்தியே விடுதியில் விட்டுப் போகும்போது மாதம் 7 வீதம் ஆறு மாதத்துக்கு 42, மேற்செலவு 15, ஆக 57 பிராங்க். பிறகு மாதக் கட்டணம் 12, அப்புறம் 15. முடி 10 பிராங்குக்குப் போகிறது. முன்பற்கள் இரண்டும் 2 நெப்போலியன், அதாவது மருந்துச் செலவென்று தெனார்தியே கேட்ட 40 பிராங்க், ஒரு சூ கூடக் குறையாமல்.

பெரிய மாற்றமும் இங்கேதான். நாவலில் ஃபான்தீனை வேலையை விட்டு அனுப்புவது மேற்பார்வைக்காரி, கையில் 50 பிராங்க் கொடுத்து, மேயராக இருக்கும் வால்ழானுக்குத் தெரியாது. தொடரில் வால்ழானே அனுப்புகிறார். குற்ற உணர்வுக்கு நேரடிக் காரணம் கிடைக்கிறது, சரி. ஆனால் யார் கையும் படாமலே ஒருத்தி நசுங்குகிறாள் என்ற யூகோவின் கோபம் மட்டுப்படுகிறது.

மடத்து வரலாறு (2-6, 2-7), திருட்டு மொழி (4-7), சாக்கடை வரலாறு (5-2) மூன்றையும் முதல் சுற்றில் தாண்டலாம். வால்ழான் மரியுஸைச் சுமந்து போவது 5-3. வால்ழானைத் துரத்தும் போலீஸ்காரர் ஜாவேரின் முடிவு 5-4, ஒரே அத்தியாயம்தான். கடைசிப் பகுதியைப் பார்த்த பிறகே படியுங்கள். தொடரில் ஜாவேராக நடித்த டேவிட் ஒயெலோவோவின் முகத்தில் சில நொடிகளில் கடப்பதை யூகோ அங்கே வாதமாக விரிக்கிறார். (இதே நாவலைத் தழுவித் தமிழில் 1950-இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் இந்தப் பாத்திரம்தான் சீதாராமனை ‘ஜாவர்’ சீதாராமன் ஆக்கியது.)

தாண்டியவற்றில் முதலில் திரும்ப வேண்டியது 5-2. ஆறே அத்தியாயம்.