பதினாறு படிகள்

"சித்தி, 16 படிதான் இருக்கிறது!"

சென்னைக்கு வாழ்க்கைப்பட்ட அக்காவின் மகள் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் பழைய இறங்குதுறையான ஆப்ரவாசி காட் படிகளை விரல்விட்டு எண்ணிச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கருங்கற்கள். விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் இவற்றில் ஏறித்தான் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். என் பாட்டியின் பாட்டியும்தான்.

போர்ட் லூயிக்கு வருகிறவர்கள் பலர் காடான் கடற்கரைக் கடைகளோடு திரும்பிவிடுகிறார்கள். சற்று நடந்தால் போதும், இங்கேயும் வாருங்கள்.

பிறகு மத்தியச் சந்தையில் ஆளுக்கொரு அலூடா. குளிர்ந்த பாலில் ஊறிய சப்ஜா விதை, அந்த வெயிலுக்கு அமிர்தம்.

காசு கொடுக்க நான் எடுத்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டை அவள் வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்து!

கடைக்காரர் காத்திருக்க, எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிறகே நீட்டினாள்.