பினாங்குத் துறைகளுக்கு ஏற்ற ஃபெண்டர்

பினாங்கில் புதிதாகச் சிறு படகு வாங்கும் நண்பர்கள் ஃபெண்டரைப் பற்றி, அதாவது படகு துறையில் மோதி உரசாமல் இருக்க அதன் பக்கவாட்டில் தொங்கவிடும் தாங்கியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், விலையைப் பார்ப்பதற்கு முன் படகை எந்தத் துறையில் கட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள் என்றே சொல்கிறேன். உருளை வடிவ ஃபெண்டருக்கு, படகு நீளத்தின் ஒவ்வொரு 4 அல்லது 5 அடிக்கும் ஓர் அங்குல விட்டம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 25 அடிப் படகுக்கு 6 அங்குலம் போதும் என்றாலும், பெரிய கப்பல்களும் பெர்ரிகளும் அலையைக் கிளப்பிக்கொண்டே இருக்கும் இந்த நீரிணையில் ஓர் அளவு பெரியதையே வாங்குங்கள்.

மிதக்கும் துறை படகோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அங்கே கவலை குறைவு. தூண்கள் மீது நிற்கும் ஜெட்டியிலோ, அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் மாறும்போது ஃபெண்டர் தூணைவிட்டு நழுவிவிடும். பிறகு படகின் பக்கவாட்டுதான் கான்கிரீட்டில் உரசும். இரண்டு ஃபெண்டர்களுக்கு வெளிப்புறமாகக் கனமான பலகை ஒன்றைக் கிடையாகத் தொங்கவிட்டால், தேய்மானத்தை அந்தப் பலகை ஏற்றுக்கொள்ளும்.

மீன்பிடிப் படகுகளில் தொங்கும் பழைய டயர் வலுவானதுதான், ஆனால் வெள்ளை ஃபைபர் பூச்சில் கறுப்புத் தடம் பதிக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்றடைக்கும் வகையை வாங்கினால், காலைக் குளிர்ச்சியில் இறுக்கமாக அடைக்காதீர்கள். நண்பகல் வெயிலில் உள்ளழுத்தம் கூடும்.