வெறும் தாள்

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துவது அதுதான்.

2022 நவம்பர் 28, திங்கட்கிழமை. சீனாவின் வடமேற்கில் இருக்கும் உருமுச்சி நகரில் அடுக்குமாடி தீப்பிடித்து 10 பேர் இறந்திருந்தார்கள். கொரோனா அடைப்பால்தான் தப்ப முடியவில்லை என்று ஜனங்களுக்குக் கோபம். சனிக்கிழமை இரவு ஷாங்காயில், உருமுச்சியின் பெயரையே கொண்ட சாலையில், எதிர்ப்பைக் காட்ட எதுவும் எழுதாத தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திங்கள் காலை, நான் சீனாவில் வேலை பார்த்த ஆபீஸில், என் டீம் பெண்ணின் மானிட்டர் ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள். அவள் வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில் அதைப் பிய்த்து என் டிராயரில் போட்டேன்.

திரும்பி வந்து கேட்டாள்: "எதற்கு எடுத்தீர்கள்? அதில் ஒன்றுமே எழுதவில்லையே?"

"அதனால்தான்" என்றேன்.

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன். யாராவது போட்டோ எடுத்து மேலே அனுப்பியிருந்தால்? சாலையில் நின்றவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது தெரிந்த விஷயம். என் விசாவும் ஒரு கணம் நினைவுக்கு வந்தது, மறைப்பானேன்.

மதியச் சாப்பாட்டில் நானே எத்தனை முறை அளந்திருக்கிறேன்: சீனர்களுக்கு ஒழுங்குதான் முக்கியம், ஜனநாயகம் இந்தக் கலாசாரத்துக்கு ஒட்டாது என்று. ஆனால் அதே மொழி பேசும் தைவானில் 1996 முதல் ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். குவாங்தோங் மாகாணத்து வூக்கான் கிராமத்தில் 2011இல் நிலம் பறிபோனதற்காக எழுந்த ஜனங்கள் அதிகாரிகளையே விரட்டினார்கள், அடுத்த மார்ச்சில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் 2016இல் சிறைக்குப் போனார். ஒட்டாதது கலாசாரமா, ஒட்டவிடாத கையா? அன்று காலை அந்தக் கை என்னுடையது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் அவள் ஒட்டிய தாள் எதிர்ப்புத்தானா என்பதே எனக்குத் தெரியாது. அவள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்டரிலிருந்து இன்னொரு தாள் உருவி, அந்த வார வேலைகளை வரிசையாக எழுதி, அதே இடத்தில் ஒட்டினாள். முதலிலேயே அதற்காகத்தான் ஒட்டினாளா, எனக்காக எழுதினாளா?

டிசம்பர் 7இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அப்புறம் ஆபீஸே காய்ச்சலில் படுத்தது. கேட்க நினைத்தது அப்படியே நின்றுபோனது. வேலையை விட்டபோது டிராயரைக் காலி செய்தேன். தாள் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பிரிண்டர் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.