பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு

யாங்கோனிலிருந்து இரவு பஸ் பிடித்து, குடும்பத்தோடு மியான்மரின் பழைய தலைநகரான பகான் போய் வந்தோம். கியான்சித்தா மன்னர் 1105 வாக்கில் கட்டிய ஆனந்தா கோயிலில் நான்கு திசையிலும் திசைக்கொரு புத்தர், நின்ற கோலத்தில். அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்.

ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது நத்லாங் சௌங்கில்தான். பகானில் இன்றும் நிற்கும் ஒரே இந்துக் கோயில், பெருமாளுக்கு. செங்கல் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றினேன். 13ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) குலசேகர நம்பி என்பவர் பகானில் நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கும் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்!

அப்புறம் போப்பா மலை. வழியில் பதநீர் காய்ச்சும் கொட்டகையில் கருப்பட்டி, சூடு ஆறுமுன்பே வாங்கித் தின்றோம். அங்கே தௌங் கலாட் என்ற குன்றில் 777 படி, வெறுங்காலோடு ஏற வேண்டும். போகிறவர்கள் பழப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், குரங்குகள் விடாது.