‘அழாதேங்கோ’ என்று சொல்லாமல் இருக்கப் பழகியது

போரில் மனவடுப்பட்டவர்களுக்கான உளவளத்துணைப் பயிற்சிக்கு வரும்போது ஆளுக்கு ஆறு முழக் கயிறு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கிளிநொச்சிச் சந்தையில் கடைக்காரர், “மாட்டுக்கோ ஆட்டுக்கோ?” என்று கேட்டார். ஆட்டுக்கு என்று சொல்லி வாங்கினேன். மனவடுவுக்கு என்றால் அவருக்கு விளங்கியிராது. அப்போது எனக்கே விளங்கவில்லை.

நான் பதினொரு வருடம் ஆசிரியையாக இருந்துவிட்டு உளவளத்துணைக்கு வந்தவள். அதுவரை எனக்குத் தெரிந்த வேலை, கேட்பது, ஆறுதல் சொல்வது, மூச்சுப் பயிற்சி பழக்குவது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஆட்கள் அழத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, “அழாதேங்கோ அம்மா, நடந்தது நடந்து போச்சு” என்று கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். கதைத்துவிட்டுப் போனால் பாரம் குறைகிறது என்று அவர்களும் சொல்வார்கள். ஆனால் நித்திரை வராது. ஹெலிச் சத்தம் கேட்டால் குசினிக்குள் ஓடுவது நிற்காது. ஒரு வருடமாக வந்துபோன ஒருவர், தன் தங்கை எப்படிச் செத்தார் என்பதை எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

நாங்கள் பழகிய முறைக்கு ஆங்கிலத்தில் நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்று பெயர், சுருக்கமாக நெட். ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோர் உருவாக்கியது. போர், அகதி வாழ்க்கை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடி வாங்கியவர்களுக்கென்றே செய்தது. உகண்டாவின் இம்வேபி முகாமில் சூடான் அகதிகள் 43 பேருடன் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நெட் பெற்றவர்களில் 29 வீதத்தினருக்குத்தான் மனவடு நோய் மிஞ்சியிருந்தது. ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 79 வீதம். அந்த 79 நான்தான் என்று கொப்பியில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன். அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

வைத்தியர்களால்தான் இது முடியும் என்று யாரும் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. உகண்டாவிலேயே நக்கிவாலே என்ற இன்னொரு முகாமில் அகதிகளையே ஆறு வாரம் பயிற்றி ஆலோசகர்களாக்கியிருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. எங்கள் நாட்டிலும் 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களே ஆறு அமர்வுகள் செய்தார்கள். அதில் பாதிப் பிள்ளைகளுக்கு நெட், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. வெளிநாட்டிலிருந்து எங்களைப் பயிற்ற வந்த வளவாளர் இதை மறைக்காமல் சொன்னபோதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

முறை சொல்ல இலேசானது. பிறந்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள வாழ்க்கை அந்தக் கயிறு. நல்லவற்றுக்குப் பூ, கொடியவற்றுக்குக் கல், இழப்புக்கு மெழுகுதிரி. இன்றைய நாளுக்கு அப்பால் மிஞ்சும் கயிற்றை விரிக்காமல் சுருட்டியே விட வேண்டும், அது இனி வரப்போவது. அடுத்த அமர்வுகளில் கயிற்று வழியே நடந்து, கல் வந்த இடத்தில் நின்று, மெதுவாக, மிக மெதுவாக, கண்டது, கேட்டது, மணத்தது, உடம்பில் நடந்தது எல்லாம் சொல்ல வேண்டும். அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம், சிலவேளை இரண்டு. நான் எழுதி, அடுத்த முறை வாசித்துக்காட்ட, அவர் திருத்துவார்.

ஏன் இப்படி என்றால், நினைவில் சூடானது, குளிர்ந்தது என்று இரண்டு உண்டு. சத்தம், மணம், நெஞ்சு இடிப்பு, “செத்தேன்” என்ற எண்ணம் எல்லாம் சூடான பக்கம். எங்கே, எந்த மாதம், அதற்கு முன் என்ன, பின் என்ன என்பது குளிர்ந்த பக்கம். மனவடுவில் இந்த இரண்டும் அறுந்து போகின்றன. சூட்டுக்குத் திகதி இல்லாததால் அது எப்போதும் இப்போது நடக்கிறது. திகதியை அதில் கட்டிவிடுவதுதான் எங்கள் வேலை. அதற்குச் சூட்டுக்குள் போகாமல் வழியில்லை.

எக்ஸ்போஷருக்குத் தமிழ் என்ன என்பதில் அரை நாள் போனது. ‘வெளிப்படுத்தல்’ என்றால் ரகசியத்தை வெளியே விடுவது மாதிரி இருக்கிறது, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கே ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். கடைசியில் ‘முகங்கொடுத்தல்’ என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஆளை ஆள் வைத்துப் பழகினோம். மற்ற நாடுகளில் எப்படியோ தெரியாது, இங்கே பயிற்சிக்கு வந்தவர்களின் கயிறுகளைப் பார்த்தால் பூ வைக்க இடமில்லை. என் பெரிய கல் 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு. வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தில், மழை, ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம், அப்பாவின் சைக்கிள் பின்னால் அப்பாச்சி. சொல்லிக்கொண்டு போனவள் திடீரென்று வளவாளரைப் பார்த்து, “இதுக்குமேல் பெரிசா ஒண்டும் இல்லை” என்று முடித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அப்பாச்சிக்குப் பிறகு என்ன?” என்று மட்டும் கேட்டார்.

அன்று முதலில் உடைந்தது நாங்கள் யாரும் இல்லை, மொழிபெயர்த்த தம்பி. எங்கள் கதை ஒவ்வொன்றையும் அவர் ஆங்கிலத்தில் ‘நான்’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. பத்துப் பேருடைய ‘நான்’. அவருக்கும் ஓய்வும் பேச ஒரு ஆளும் வேண்டும் என்று அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் ஆளை மேற்பார்வையில் செய்தேன். அவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊரையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஐம்பது கடந்த அம்மா, வன்னியில் ஆடு வளர்ப்பவர். ஒலிப்பதிவு செய்ய அவர் விடவில்லை, நானும் கேட்டு வற்புறுத்தவில்லை. பதிலாக என்னுடன் பயின்ற ஒரு அக்கா மூலையில் இருந்து நேரம் குறித்தார். முதல் அமர்வின் குறிப்பு இப்படி இருந்தது: 32ஆம் நிமிடம் தண்ணீர் கொடுத்தாள். 35, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். 41, மறுபடி தண்ணீர். அழுகை ஏறும் ஒவ்வொரு முறையும் நான் போத்தலைத் தூக்கியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, “தாகம் ஆருக்கு?” என்று கேட்டார்.

அடுத்த முறை போத்தலை அறைக்கு வெளியே வைத்தேன். ஆள் நினைவு தப்பப் போனால் பாதத்தை நிலத்தில் ஊன்றச் சொல்வது, கால் தசைகளை இறுக்கச் சொல்வது எல்லாம் பழக்கியிருந்தார்கள். அழுகை அப்படியல்ல, அழுகைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

2009 ஏப்ரல், போரின் கடைசி மாதங்கள், மாத்தளன். பங்கர் வாசலில் அவர் தங்கை. அதுவரை “போனோம், இருந்தோம்” என்று சொல்லி வந்தவர் அந்த இடத்தில், “செல் வருகுது, கூப்பிடுறன், அவளுக்குக் கேக்கேல்லை” என்றார். இறந்தகாலம் நிகழ்காலமாக மாறியது. வினைச்சொல்லில் கேட்ட பிறகுதான் சூடான நினைவு என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது. உளவியலாளர் எட்னா ஃபோவா அமெரிக்காவில் உருவாக்கிய இன்னொரு மனவடுச் சிகிச்சை முறையில் கண்ணை மூடி நிகழ்காலத்திலேயே சொல்லச் சொல்வார்கள். நெட்டில் கதை இறந்தகாலத்தில் நிற்க வேண்டும், ஆனால் உணர்வைத் துண்டிக்கக்கூடாது. ஆகவே நான், “அப்ப செல் வந்தது. நீங்கள் கூப்பிட்டனீங்கள். அப்ப நெஞ்சு எப்பிடி இருந்தது? இப்ப இந்தக் கதிரையில் எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன். அப்படியே நாற்பது நிமிடம் போனது. என் கை நடுங்கியதில் எழுத்தை எனக்கே பிறகு வாசிக்க முடியவில்லை. முடிவில் அவர் தானாகவே, “அண்டைக்குப் பின்னேரம் நாலு மணி இருக்கும்” என்றார். அத்தனை வருடத்தில் அந்தச் சாவுக்கு முதன்முதலாக ஒரு மணி வந்தது.

இரண்டு இடத்தில் கையேடு எனக்கு உதவவில்லை. ஒன்று, மகன். கடல்நீரேரியைக் கடக்கும்போது கண்ணில் இருந்து மறைந்தவர். கயிற்றில் அந்த இடத்துக்கு வந்ததும் அம்மா மெழுகுதிரியைக் கையில் எடுத்து, வைக்காமல், மடியில் வைத்துக்கொண்டார். வைத்தால் செத்துப்போனதாக ஆகிவிடும். நான் வற்புறுத்தவில்லை, கல்லும் வைக்கச் சொல்லவில்லை, இடத்தைக் காலியாக விட்டோம். இரண்டாவது, கடதாசி. கடைசி நாளில் முழுக் கதையையும் வாசித்து, இருவரும் கையெழுத்து வைத்து, ஆளிடம் கொடுக்க வேண்டும். “இதை நான் எங்கை வைக்கிறது பிள்ளை? ஆரும் வந்து பாத்தால்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெயர்களுக்குப் பதில் ‘தங்கை’, ‘மகன்’ என்று மாற்றி எழுதினோம், ஊர்ப் பெயர்களை எடுத்தோம். தேவையற்ற பயம் என்று வளவாளர் நினைத்திருக்கலாம். அவர் விமானம் ஏறிப் போய்விடுவார்.

எல்லோருக்கும் இது சரிவரவும் இல்லை. வீட்டில் இன்றும் அடி வாங்கும் ஒரு பெண்ணுக்குத் தொடங்கப் பார்த்தேன், மேற்பார்வையாளர் நிறுத்தினார். முதலில் அடி நிற்க வேண்டும். அதுவும் சரிதான். எங்களைப் பயிற்றுவித்த நிறுவனத்துக்கோ மாதம் இத்தனை பேர் என்ற கணக்குத்தான் வேண்டும். ஒன்றரை மணி நேர அமர்வை அவர்களின் படிவத்தில் எழுத நிரலே இல்லை. திட்டம் முடிந்ததும் மேற்பார்வையும் நின்றது. நானும் அந்த அக்காவும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் ஒருவருக்கொருவர் குறிப்பு வாசித்துக்கொள்கிறோம். செலவு எங்களுடையது. பயிற்சியை விட அதில்தான் கூடப் படித்தேன் என்று தோன்றுகிறது.

அம்மாவுக்குக் கடைசி அமர்வில் பதினொரு பக்கம் வாசித்தேன். ஓரிடத்தில்தான் மறித்தார், தங்கை அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை, நான் நீலம் என்று எழுதியிருந்தேன். திருத்தினேன். இப்போது நாலு, ஐந்து மணி நேரம் நித்திரை வருகிறதாம். மகனைத் தேடுவது நிற்கவில்லை, நிற்கவும் தேவையில்லை. கடதாசியை என்னிடமே விட்டார். எழும்பிப் போகும்போது நிலத்தில் கிடந்த கயிற்றைக் காட்டி, “இது உங்களுக்கு வேணுமோ?” என்று கேட்டார். ஆட்டுக்குத்தான். சுருட்டிக் கொடுத்தேன்.